கொக்கை மட்டும் திருப்புவது எப்படி?

படத்தின் வலது ஓரத்தில் நிற்கும் கொக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. அதை மட்டும் உட்பக்கம் பார்க்க வைக்க நினைத்து, ஃபோட்டோஷாப்பில் ‘இமேஜ் ரொட்டேஷன்’ பட்டியலைத் திறந்தேன். குளம், கரை எல்லாம் சேர்ந்து திரும்பிவிட்டன. அந்தப் பட்டியல் முழுப் படத்துக்கானது.

ஒரு பகுதியை மட்டும் திருப்ப, முதலில் லாசோ கருவியால் அதைச் சுற்றி வளையுங்கள். கன்ட்ரோல்-ஜே அழுத்தினால் அதன் நகல் தனி லேயராக, அதாவது மேலே ஓர் அடுக்காக, வரும். பிறகு கன்ட்ரோல்-டி அழுத்தினால் அதைச் சுற்றி ஒரு சட்டகம் வரும். வலது சொடுக்கில் ‘ஃப்ளிப் ஹாரிசான்டல்’, என்டர். கீழ் லேயரில் பழைய கொக்கு அப்படியே நிற்கும், அதைக் குளோன் ஸ்டாம்ப்பால், அதாவது பக்கத்துப் பகுதியை நகலெடுத்துப் பூசும் கருவியால், அழிக்க வேண்டும். முதல் தடவை நான் மறந்துபோய் இரட்டைக் கொக்கு வளர்த்தேன்.

சாய்க்க வேண்டுமானால் அதே சட்டகத்தின் மூலைக்குச் சற்று வெளியே பிடித்து இழுங்கள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டால் 15 பாகை வீதம் நகரும். தலையை மட்டும் பிரித்துச் சாய்ப்பதென்றால் சுழற்சி மையத்தைக் கழுத்தடிக்கு நகர்த்துங்கள். நடுவிலேயே விட்டால் தலை கழுத்தை விட்டு விலகிவிடும். மூன்று பாகை, மறுபடி இரண்டு பாகை என்று தவணை முறையில் சுழற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் பிக்சல்கள் புதிதாகக் கணக்கிடப்படுவதால் இறகின் விளிம்பு மங்கும். முன்கூட்டியே லேயரை, மூலப் பிக்சல்களை மாறாமல் காக்கும் ‘ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்’ ஆக்கிக்கொண்டால் இந்தக் கவலை இல்லை.

ஒளி வரும் திசையையும் பாருங்கள். திருப்பிய பிறகு என் கொக்கின் நிழல் இடப்பக்கம் விழுந்தது. கரையோரச் செடிகளின் நிழலோ வலப்பக்கம்.