இ-சிகரெட் புகையில் என்ன இருக்கிறது? பாட்டிலைப் பார்த்துச் சொல்லாதீர்கள்

இ-சிகரெட் பிடிப்பவர் வாயிலிருந்து வரும் வெண்மேகத்தை ‘வெறும் நீராவிதானே’ என்று சொல்லிவிடுவதுதான் முதல் தவறு. அதில் தண்ணீர் கொஞ்சம்தான். கருவியில் ஊற்றும் திரவத்தின் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும். முன்னது 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், பின்னது 290 டிகிரியை ஒட்டி. பேட்டரி சூடேற்றும் சின்னக் கம்பிச்சுருளில், அதாவது காயிலில் பட்டு இவை ஆவியாகின்றன. வாய்க்கு வந்து சேர்வதற்குள் குளிர்ந்து, பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான துளிகளாகிவிடுகின்றன. நாம் பார்க்கும் வெண்மை, அந்தத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. நுரையீரலின் அடிவரை போகக்கூடிய பொடித்துளிகள் இவை. நிகோடினும் வாசனைப் பொருளும் இவற்றோடு சேர்ந்துதான் உள்ளே போகின்றன. சினிமா செட்டில் விடும் புகையிலும் கிளைகால், கிளிசரின் உண்டு என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். உண்டுதான். ஆனால் அதை யாரும் குழாயில் வாய்வைத்து உறிஞ்சுவதில்லை.

அடுத்த வாதம், ‘உணவில் சேர்க்க அனுமதித்த பொருள்தானே’ என்பது. அந்த அனுமதி சாப்பிடுவதற்கு. வயிறும் கல்லீரலும் சமாளிக்கும் பொருளை நுரையீரலும் சமாளிக்கும் என்று யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைலே இதற்குச் சாட்சி. தின்றால் ஒன்றும் செய்யாத அந்தப் பொருளை, அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்கள் காற்றோடு சுவாசித்துவந்தார்கள். அவர்களில் சிலருக்கு நுண்மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைபடும் நோய் வந்தது 2000-இல் தெரியவந்தது. 2015-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 51 வகை இ-சிகரெட் சுவைகளைச் சோதித்தபோது 39-இல் டைஅசிட்டைல் இருந்தது. இதை வைத்து ‘வேப் (இ-சிகரெட்) அடித்தால் பாப்கார்ன் நுரையீரல் நிச்சயம்’ என்று பயமுறுத்துவதும் தவறுதான். சாதாரண சிகரெட் புகையில் டைஅசிட்டைல் இதைவிட அதிகம்.

லேபிளில் உள்ள பட்டியலும் முழு விவரம் அல்ல. வெனிலாவுக்கு வெனிலின், பட்டை மணத்துக்குச் சின்னமால்டிஹைடு என்று பல வாசனைப் பொருள்கள் ஆல்டிஹைடு வகை. இவை புரொப்பிலீன் கிளைகாலோடு வினைபுரிந்து அசிட்டால் என்ற புதுச் சேர்மங்களாகின்றன. சூடுகூட வேண்டாம், அலமாரியில் பாட்டில் சும்மா இருக்கும்போதே இது நடக்கிறது என்று யேல், டியூக் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள். இழுக்கும்போது அந்த அசிட்டால்கள் ஏரோசாலிலும், அதாவது அந்த வெண்மேகத்திலும் வருகின்றன. இவற்றை எந்த லேபிளில் எழுதுவது?

சூடு சேர்ந்தால் கதை இன்னும் நீளும். கிளிசரின் மூலக்கூறு இரண்டு நீர் மூலக்கூறுகளை இழந்தால் அக்ரோலீன். அக்ரோலீனை நம் எல்லோருக்கும் தெரியும், பெயர்தான் தெரியாது. வாணலியில் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து புகைவிடும்போது கண்ணைக் கரித்து, தொண்டையைப் பிடிக்கிறதே, அதில் அக்ரோலீனுக்குப் பெரிய பங்கு உண்டு. எண்ணெயின் கொழுப்பு மூலக்கூறுக்குள் இருப்பதும் கிளிசரின்தான் என்பதால் அங்கே நடப்பதும் இதே வினை. புரொப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும் உடைந்து ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு இரண்டையும் தரும். மீனில் கலப்பதாக அவ்வப்போது செய்தியில் அடிபடும் ஃபார்மலின், இந்த ஃபார்மால்டிஹைடின் நீர்க்கரைசல்தான்.

எவ்வளவு உருவாகும்? இங்கேதான் செய்தி எழுதுபவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். 2015 ஜனவரியில் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு கடிதம் வெளியிட்டார்கள். ஒரே கருவியை 3.3 வோல்ட்டில் இயக்கியபோது ஃபார்மால்டிஹைடைத் தரும் ஹெமிஅசிட்டால் எதுவும் அகப்படவில்லை. 5 வோல்ட்டில் ஏராளமாக அகப்பட்டது. தலைப்புச் செய்திகள் இரண்டாவது எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, சிகரெட்டைவிடப் பல மடங்கு புற்றுநோய் ஆபத்து என்று முழங்கின. அதே ஆண்டில் கிரேக்க ஆய்வாளர் கான்ஸ்டாண்டினோஸ் ஃபர்சாலினோஸ் குழு எதிர்ப்பக்கத்தைச் சோதித்தது. பழகிய கைகளிடம் கருவியைக் கொடுத்து, எந்தச் சூட்டில் வாய்க்குக் கசந்து கருகல் அடிக்கிறது என்று கேட்டார்கள். எண்ணெய் வற்றிய விளக்கில் திரி கருகுவதுபோல, காயிலைச் சுற்றிய பஞ்சில் திரவம் வற்றிப்போகும் நிலை அது. பிடிப்பவர்கள் ‘டிரை பஃப்’ என்பார்கள். அந்த நிலையில் ஆல்டிஹைடுகள் 30 முதல் 250 மடங்கு வரை எகிறின. மனிதன் உடனே துப்பிவிடுவான், ஆய்வக இயந்திரம் அமைதியாக இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதுதான் அவர்கள் வாதம்.

என் பார்வையில் வாதம் நியாயமானது, ஆனால் அதைக் கேடயமாக்கிக்கொண்டவர்கள் தாண்டிப்போய்விட்டார்கள். கருகல் தெரிந்த பிறகுதான் ஆல்டிஹைடு உருவாகும் என்று எந்த வேதியியலும் சொல்லவில்லை. சூடு ஏற ஏற அளவு ஏறும், அவ்வளவுதான். வோல்ட்டை மட்டும் பார்த்து ஒப்பிடுவதும் பிழை. 5 வோல்ட்டில் 2 ஓம் காயில் 12.5 வாட் எடுக்கும், 1 ஓம் காயில் 25 வாட் எடுக்கும். காயில் எவ்வளவு பெரியது, பஞ்சு எவ்வளவு வேகமாக உறிஞ்சித் தருகிறது, ஒரு இழுப்பு எத்தனை விநாடி என்பது தெரியாமல் ‘இவ்வளவு மைக்ரோகிராம்’ என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

எரிதல் இல்லாததால் கார்பன் மோனாக்சைடும் தாரும் பெரும்பாலும் இல்லை என்பது உண்மை. சிகரெட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் இது லாபம். சுத்தமான காற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் அல்ல. இதுவரை சிகரெட்டே தொடாத பிள்ளைக்கு முதல் ஒப்பீட்டைக் காட்டிப் பேசுவது பொருந்தாது.

உலோகத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2018-இல் 56 பேரின் சொந்தக் கருவிகளைச் சோதித்தார்கள். நிரப்பும் பாட்டிலில் நிக்கலும் குரோமியமும் ஈயமும் சொற்பம். காயிலைத் தொட்டுவந்த ஏரோசாலில் அவை கூடியிருந்தன.

தொண்டையில் உறுத்தவில்லை என்றால் நிகோடின் குறைவு என்று நினைப்பது இளைஞர்களிடம் பரவலான தவறு. நிகோடின் ஒரு காரம். தனியாக இருந்தால் தொண்டையைக் கீறும். பென்சாயிக் அமிலம் சேர்த்து உப்பாக்கினால் கீறல் அடங்கிவிடும், நிகோடின் அப்படியே இருக்கும். அமெரிக்க இ-சிகரெட் நிறுவனமான ஜூல் 2015-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது இந்த உத்தியைத்தான். எடையில் 5 சதவீதம் நிகோடின் உள்ள அதன் திரவத்தில் மில்லிலிட்டருக்குச் சுமார் 59 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்சவரம்பு 20 மில்லிகிராம்.

வேப் பிடித்தவர்களுக்கு வந்து 2019-இல் அமெரிக்காவை உலுக்கிய நுரையீரல் பாதிப்பையும் இதுவரை சொன்னவற்றோடு குழப்பக்கூடாது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் 68 பேர். நோயாளிகள் 51 பேரின் நுரையீரல் கழுவுநீரைச் சோதித்ததில் 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிட்டேட் இருந்தது. கள்ளச்சந்தைக் கஞ்சா எண்ணெயைக் கெட்டியாகக் காட்டக் கலந்த பொருள் அது. வைட்டமின் மாத்திரையில் விழுங்கினால் பிரச்சினை இல்லாத அதே பொருள்.

இந்தியாவில் 2019 முதலும், சிங்கப்பூரில் அதற்கு முன்பிருந்தும் இ-சிகரெட்டுக்குத் தடை. கைமாறிக் கிடைக்கும் ‘பாட்’டில், அதாவது திரவம் அடைத்த சின்னக் குப்பியில் என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்று விற்பவனுக்கே தெரியாது. சிங்கப்பூரில் ‘கேபாட்’ என்று புழங்கியவற்றில் எடோமிடேட் இருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன் நினைவிழக்கச் செய்ய ஊசியாகப் போடும் மருந்து அது. 2025 செப்டம்பர் 1-இல் அங்கே அதைச் சி-வகைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தார்கள். மாம்பழ வாசனை தூக்கலாக இருக்கும் ‘பாட்’டில் அதை மூக்கால் கண்டுபிடிக்க வழியில்லை, ஆய்வகச் சோதனைதான் சொல்லும்.