அரசுக்கு எல்லை போடுவேன் என்று வரும் வேட்பாளரிடம் எதைக் கேட்பது?

அமெரிக்கக் காங்கிரஸுக்குப் போட்டியிடும் சுதந்திரவாதச் சாய்வுள்ளவர்கள் (அரசின் தலையீடு குறைய வேண்டும் என்பவர்கள்) அடிக்கடி தூக்கிப் பிடிப்பது அவர்களுடைய அரசியலமைப்பின் 1791இன் பத்தாம் திருத்தம்: மத்திக்குக் கொடுக்காத அதிகாரம் மாநிலத்துக்கோ மக்களுக்கோ சேரும். இலங்கையின் வடக்கே வன்னியில் யாராவது அதே பாணியில் பேசினால் கைதட்ட முன் கொஞ்சம் கிண்டிப் பாருங்கள்.

முதலில் காணி. வயலுக்குள் வன இலாகா எல்லைக்கல் நட்டுவிட்டால் என்ன செய்யலாம் என்று கேளுங்கள், "பார்த்துச் செய்வம்" என்றால் விடாதீர்கள். இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் கொழும்பில், உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். மல்லாவியிலிருந்து பஸ் ஏறி, சட்டத்தரணியைப் பிடித்து, காசு புரட்டுவதற்குள் மாதம் ஓடிவிடும். ஆனால் அந்த மாதத்துக்குள் வவுனியாவில் இருக்கிற மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இதுகூடத் தெரியாதவர் என்ன எல்லையைக் காக்கப் போகிறார்?

சரி, அடுத்தது அதே அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரை. சபாநாயகர் சான்றுப்படுத்திய சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்று பிறகு எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது, சட்டமூலமாக இருக்கும்போதே நீதிமன்றத்துக்கு ஓடவேண்டும். அமெரிக்காவில் 1803இலிருந்தே நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாது என்று தள்ளலாம், அவர்களுடைய பேச்சுக்குப் பல் இருப்பது அதனால்தான்.

இந்த 80(3)ஐ மாற்ற நாடாளுமன்றத்தில் குறைந்தது 150 வாக்கு வேண்டும். வன்னி மாவட்டத்துக்கு 6 ஆசனம்தான், மிச்சத்தை எந்தக் கட்சியிடம் வாங்குவீர்கள் என்று பெயர் சொல்லச் சொல்லுங்கள்.