கொழும்பு மாநகர சபை உறுப்பினர் மீது முறைப்பாடு செய்வது எப்படி

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "கான் திருத்துற வேலையை மெம்பர்ட மச்சானுக்குத்தான் குடுத்திருக்கு." சொல்லிவிட்டுக் கலைந்துவிடுகிறோம். அந்தக் கான் நம் வரிப்பணத்தில் திருத்தப்படுகிறது என்பதால், பேச்சோடு விடாமல் எழுத்தில் இறங்குங்கள்.

கொழும்பு மாநகர சபையில் 117 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நடத்தை பற்றிய எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொடுத்து முடிக்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள், விடயத்தைப் பொறுத்துப் போகும் இடம் மாறும். ஆனால் எங்கே போனாலும் முதல் கேள்வி "ஆதாரம் என்ன?" என்பதுதான். அதனால் முறைப்பாட்டுக்கு முன்னால் ஆவணத்தைத் தேடுங்கள்.

அதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நகர மண்டபத்தில் உள்ள மாநகர சபையின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. "ஊழல் நடந்ததா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அதற்குப் பதில் வராது. எந்த ஒழுங்கை, எந்த ஆண்டு, எந்த வேலை என்று குறிப்பிட்டு, விலைமனு கோரிய அறிவித்தல், விலைமனு கொடுத்தவர்களின் பட்டியல், ஒருவரைத் தெரிவு செய்ததற்கான குழு அறிக்கை, பணம் கொடுத்த வவுச்சர், அப்புறம் இது பேசப்பட்ட சபைக் கூட்டத்தின் கூட்டறிக்கை ஆகியவற்றின் பிரதிகளைக் கேளுங்கள். என்னைக் கேட்டால் இவற்றில் கூட்டறிக்கைதான் பொன்: யார் பிரேரித்தார், யார் வழிமொழிந்தார், சம்பந்தப்பட்ட உறுப்பினர் அன்று சபையில் இருந்தாரா என்பதெல்லாம் அதில் தெரியவரும். வேலை எடுத்தது ஒரு கம்பனி என்றால் அதன் பணிப்பாளர்கள் யார் என்பதைக் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம்.

விண்ணப்பத்தைக் கொடுத்ததும் எழுத்தில் ஏற்புச் சீட்டு வாங்குங்கள். தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு (சபையில் இத்தகைய மேன்முறையீடுகளைப் பார்ப்பவர்) மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. இந்த இடத்தில்தான் பலர் களைத்து விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து நீங்கள் விடாதீர்கள்.

கையில் தாள் வந்தபின் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். காசு கேட்டது, உறவினருக்கு வேலை கொடுத்தது, பதவியைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தியது என்றால் கொழும்பு 7, மலலசேகர மாவத்தையில் உள்ள இலஞ்ச ஊழல் ஆணைக்குழு, தொலைபேசி 1954. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் பாலியல் இலஞ்சமும் அடங்குகிறது, இதைப் பெண்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதே சட்டப்படி உள்ளூராட்சி உறுப்பினர்களும் மார்ச் 31 நிலவரப்படியான சொத்து, கடன் விபரங்களை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30க்குள் வெளிப்படுத்த வேண்டும். தெரிந்துகொண்டே பொய் முறைப்பாடு செய்வதும் குற்றம் என்பதால், கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்து எழுதுங்கள்.

சபைப் பணம் வீணான கதை என்றால் கணக்காய்வாளர் நாயகத்துக்கு எழுதலாம். சபை நடக்கும் முறையிலேயே கோளாறு என்றால் மேல் மாகாண உள்ளூராட்சி ஆணையாளர்.

கட்சிச் செயலாளருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பலர் இதை யோசிப்பதில்லை, ஆனால் கட்சியிலிருந்து நீக்கப்படும் உறுப்பினர் சபை ஆசனத்தையும் இழக்க நேரிடும், ஆகவே அந்தக் கடிதத்துக்குக் கனம் உண்டு.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். திகதி, இடம், தொகை, இணைத்த ஆவணங்களின் பட்டியல், அவ்வளவு போதும். மூலப் பிரதியைக் கொடுக்காதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள், ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் அந்தத் திகதியைக் குறிப்பிட்டு நினைவூட்டல் எழுதலாம்.