3டி அச்சில் வந்த உலோகப் பாகத்துக்கு லேசர் பீனிங் செய்வது எப்படி?

உலோகத் தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காகக் கட்டிய பாகம் இழுவைச் சோதனையில் நன்றாகவே தாங்கும். சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்கும்போதுதான் சீக்கிரம் விரிசல் விடும். சொரசொரப்பான மேற்பரப்பு, அதையொட்டிய நுண்துளைகள், உள்ளே தங்கிவிட்ட இழுவிசைத் தகைவு (உலோகத்தை இழுத்துப் பிரிக்கப் பார்க்கும் உள்விசை) மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை இது. லேசர் பீனிங் என்பது, டேப் ஒட்டி நீர் வழியவிட்ட பரப்பில் குறுகிய லேசர் துடிப்பை அடிப்பது; டேப்பின் மேல்பகுதி ஆவியாகிப் பிளாஸ்மாவாக வெடிக்கும், அதை நீர் அடக்குவதால் அதிர்ச்சி அலை உலோகத்துக்குள் இறங்கும். இது மூன்றாவதைத்தான் நேரடியாகத் தீர்க்கும்: இழுவிசை இருந்த இடத்தில் சுமார் 1 மி.மீ. ஆழத்துக்கு அமுக்கத் தகைவை ஏற்றும். மற்ற இரண்டையும் அதற்கு முன்பே முடித்தாக வேண்டும்.

1. முன்வேலை

பாகத்தை அச்சுத் தட்டிலிருந்து வெட்டும் முன் தகைவு நீக்கும் சூடு கொடுங்கள். துளைகள் அதிகமென்றால் ஹிப் (HIP: உயர் வெப்பத்தில் வாயு அழுத்தத்தால் எல்லாப் பக்கமும் அமுக்கித் துளைகளை மூடுவது) செய்யலாம். 316எல் என்ற துருப்பிடிக்காத எஃகுக்குச் சுமார் 1150 டிகிரி செல்சியஸ், 100 மெகாபாஸ்கல், 4 மணி நேரம். ஆனால் மேற்பரப்பில் வாய் திறந்த துளைக்குள் வாயு புகுந்துவிடுவதால் ஹிப் அதை மூடாது. எனவே அச்சிடும்போதே 0.5 முதல் 1 மி.மீ. வரை கூடுதல் தடிமன் விட்டு, கடைசல் வேலையில் அதை எடுத்துவிடுங்கள். சூடும் கடைசலும் எப்போதும் பீனிங்குக்கு முன்பு. பின்பு செய்தால் ஏற்றிய தகைவு தளர்ந்துவிடும், அல்லது சீவலோடு போய்விடும்.

2. கணக்கு

வெப்பச் சிகிச்சைக்குப் பிந்தைய நெகிழ்வு வலிமையை (yield strength: உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) 1.75 ஆல் பெருக்குங்கள் (பாய்சான் விகிதம், அதாவது ஒரு திசையில் நீளும்போது பக்கவாட்டில் சுருங்கும் விகிதம், 0.3 என்றால்). அதிர்ச்சி அலையின் உச்ச அழுத்தம் அந்த எண்ணைப் போல 2 முதல் 2.5 மடங்கு வரை இருக்க வேண்டும். 450 மெகாபாஸ்கல் வலிமைக்கு அந்த எண் 0.79 கிகாபாஸ்கல்; அதன் 2.5 மடங்காகச் சுமார் 2 கிகாபாஸ்கல் அழுத்தம் தேவை.

நீர்ப்படலத்தின் கீழ் எஃகுக்கு ஒரு நல்ல தோராயம் உண்டு: கிகாபாஸ்கலில் அழுத்தம் என்பது லேசர் செறிவின் (சதுர செ.மீ.க்கு கிகாவாட்) வர்க்கமூலம். எனவே செறிவு 4. துடிப்பு 20 நானோநொடி, 3 மி.மீ. சதுரப் புள்ளி என்றால்:

4×10⁹ × 20×10⁻⁹ × 0.09 = 7.2 ஜூல்

ஹிப் செய்தால் 316எல்-இன் வலிமை வெகுவாக இறங்கும். பழைய எண்ணை வைத்து அடிக்காதீர்கள், மறுபடி கணக்கிடுங்கள். செறிவு 10-ஐ நெருங்கினால் நீரே மின்முறிவு கண்டு (பிளாஸ்மாவாக மாறி) ஆற்றலை விழுங்கும். அதற்கு மேல் ஏற்றிப் பயனில்லை.

3. டேப் ஒட்டுவது

தோல்விகள் பல நடப்பது இங்கேதான். கறுப்பு வினைல் டேப்பை அச்சில் வந்தபடியே உள்ள பரப்பில் ஒட்டினால் அது மேடுகளில் மட்டும் படியும், பள்ளங்களில் காற்று நிற்கும். காற்றைத் தாண்டி அதிர்ச்சி அலை சரியாக இறங்காது. டேப் கிழிந்த இடத்தில் பிளாஸ்மா உலோகத்தையே தொட்டு மெல்லிய அடுக்காக உருக்கும். அது இறுகும்போது நாம் விரட்ட வந்த இழுவிசையே திரும்பி வந்துவிடும்.

அசிட்டோனால் துடைத்து, ரப்பர் உருளையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்துங்கள். அடிக்கும் பகுதியைத் தாண்டி எல்லாப் பக்கமும் 10 மி.மீ. டேப் இருக்கட்டும், அடியில் நீர் புகாது. கறுப்புப் பெயின்ட் தடிமன் ஒரே சீராக வராது. டேப் மடங்காத வளைவுகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

4. நீரும் அடியும்

நீர் 1 முதல் 2 மி.மீ. தடிமனில் குமிழியின்றி வழிய வேண்டும். முந்தைய அடியில் தெறித்த துளிகள் விழுந்து அடங்கும் வரை அடுத்த அடி வேண்டாம். முதல் சுற்று முடிந்ததும் டேப்பை மாற்றி, அரைப் புள்ளி தள்ளி இரண்டாம் சுற்று. அடிக்கும் பகுதியின் விளிம்புக்குச் சற்று வெளியே ஈடுகட்டும் இழுவிசை உருவாகும் என்பதால், அந்த விளிம்பு மூலை வளைவில் போய் முடியக் கூடாது. லேசரின் அலைநீளமான 1064 நானோமீட்டருக்கான பாதுகாப்புக் கண்ணாடியும் காதடைப்பும் இல்லாமல் அறைக்குள் போகாதீர்கள்.

5. சரிபார்ப்பு

எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் சில மைக்ரான் ஆழத்தையே காட்டும். அதே தட்டில் அச்சிட்ட, அதே தடிமனுள்ள மாதிரித் துண்டில் துளையிடும் முறையில் (ஏஎஸ்டிஎம் இ837) அளவிடுங்கள். சோர்வுச் சோதனையில் (சுமையைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கும் சோதனை) உடைந்த முகத்தையும் பாருங்கள். விரிசல் உள்ளே ஒரு துளையில் தொடங்கியிருந்தால் பீனிங் தன் வேலையைச் செய்துவிட்டது. இனித் திருத்த வேண்டியது அச்சின் அமைப்புகளை.

பின்சேர்க்கை: மெல்லிய சுவர்கள்

3 மி.மீ.க்குக் குறைந்த சுவரை ஒரு பக்கம் மட்டும் அடித்தால் வளையும். அலை பின்முகத்தில் எதிரொலித்து இழுவை அலையாகத் திரும்பும். அது வழியில் உள்ள துளைகளைத் திறக்கவும் கூடும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் அடிக்கும் வசதி இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் பின்முகத்தில் நீர் தேங்கவிட்டு, செறிவைக் குறைத்து, பக்கம் மாற்றி மாற்றிச் சுற்றுகளை முடியுங்கள்; ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் வளைவை அளந்து பாருங்கள்.