முற்றத்து மணலில் புதனின் பாதை: அளவோடு வரைந்து பார்ப்போம்

கோள்கள் சூரியனை முட்டை வடிவப் பாதையில் சுற்றுவதாகப் பலர் நினைப்பதற்குக் காரணம், சாய்வாகப் பார்ப்பதுபோல் வரைந்த படங்கள். சரியான அளவில் ஒருமுறை வரைந்தால் அந்த எண்ணம் போய்விடும். ஆனி, ஆடியில் வன்னி முற்றங்கள் காய்ந்து கிடக்கும். சோளகம் கிளம்பமுன் விடியவே தொடங்குங்கள். காற்று எழும்பினால் மணற்கோடு நிற்காது.

தேவையானவை: 6 அங்குல ஆணி இரண்டு, வலை பின்னும் நைலோன் நூல், அளவு நாடா, கூரான தடி, 22 கூழாங்கற்கள், ஒரு கச்சான் பருப்பு. தும்புக் கயிறு வேண்டாம், இழுக்க இழுக்க நீளும்.

பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரமான 14.96 கோடி கிலோமீற்றரை 1 மீற்றராக எடுப்போம். இந்த அளவில் சூரியனின் குறுக்களவு 9.3 மில்லிமீற்றர், கிட்டத்தட்டக் கச்சான் பருப்பளவு. பூமியோ ஒரு மணலை விடச் சிறிது.

முதலில் புதனின் பாதை. நிலத்தை நனைத்து இறுக்கி, 15.9 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஆணிகளை நேராக அடியுங்கள். நூலைக் கட்டி வளையமாக்குங்கள். முடிச்சுப் போட்ட பிறகே அளக்க வேண்டும்: இரண்டாக மடித்து இழுத்தால் 46.65 சென்ரிமீற்றர் வரவேண்டும். பலருக்குப் பிழைப்பது இங்கேதான். வளையத்தை இரு ஆணிகளிலும் மாட்டி, தடியால் இறுக்கி இழுத்தபடி சுற்றி வாருங்கள். நூல் ஆணியில் மேலே ஏறினாலோ தடி சரிந்தாலோ கோடு தொடங்கிய இடத்தில் வந்து சேராது.

இப்போது அளந்து பாருங்கள். நீளப்பக்கம் 77.4, அகலப்பக்கம் 75.7 சென்ரிமீற்றர். கண்ணுக்கு அது வட்டமேதான்! ஆனால் ஒரு ஆணியடியில் கச்சான் பருப்பை வையுங்கள்: சூரியன் நடுவில் இல்லை. நீளப்பக்கத்தில் கோடு அதிலிருந்து ஒரு பக்கம் 30.7, மறுபக்கம் 46.7 சென்ரிமீற்றர். பாதை நீள்வட்டம் என்று 1609இல் வானியலாளர் கெப்லர் சொன்னதில் நாம் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த விலகலைத்தான்.

அடுத்து கற்கள். புதன் ஒரு சுற்றுக்கு எடுப்பது 88 நாள். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 4 நாள். சூரியனுக்குக் கிட்ட 13.6, பக்கவாட்டில் 11, தூரத்தில் 9 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு, இடையில் படிப்படியாக மாற்றி வையுங்கள். சம இடைவெளியில் வைத்தால் பிழை: கிட்ட வரும்போது கோள் விரையும், விலகும்போது தளரும்.

கோள் ஏன் சூரியனுக்குள் விழுவதில்லை? விழுந்துகொண்டுதான் இருக்கிறது. பூமி ஒரு விநாடியில் பக்கவாட்டாக ஏறத்தாழ 30 கிலோமீற்றர் ஓட, சூரியன் பக்கம் விழுவது 3 மில்லிமீற்றர் மட்டுமே. அந்தச் சிறு விழுகைதான் நேர்ப்பாதையை வளைக்கிறது.

பூமியின் பாதைக்குச் சூரிய ஆணியை அப்படியே விட்டு, மற்றதை அதிலிருந்து 3.3 சென்ரிமீற்றர் தூரத்துக்கு நகர்த்துங்கள். வளையத்தின் முழு நீளம் (மடிக்காமல்) 203.3 சென்ரிமீற்றர். பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வருவது ஜனவரி தொடக்கத்தில், வன்னியில் மாரிப் பனி விழும் நாட்களில். குளங்கள் வற்றும் ஜூலையில்தான் அது மிகத் தொலைவில் நிற்கிறது. ஆகவே பருவங்களுக்குக் காரணம் தூரமல்ல, பூமியின் அச்சு 23.4 பாகை சரிந்திருப்பது.

செவ்வாயையும் வரைய 4 மீற்றர் அகல முற்றம் வேண்டும். ஆணி இடைவெளி 28.5, வளையத்தின் முழு நீளம் 333.2 சென்ரிமீற்றர்.