ஃபேக்டர் அனாலிசிஸில் ரொட்டேஷன் பாதியில் நின்றால் எப்படிச் சரிசெய்வது?

காரைக்குடிப் பக்கம் சுற்றுலா, வணிகவியல், கல்வியியல் என்று எந்தத் துறையில் ஆய்வு செய்தாலும் கடைசியில் ஒரு கேள்வித்தாளில்தான் வந்து நிற்கும். கேள்வித்தாள் வந்தால் ஃபேக்டர் அனாலிசிஸும் (பல கேள்விகளுக்குப் பின்னால் இருக்கும் சில பொதுக் காரணிகளைக் கண்டுபிடிக்கும் முறை) வந்துவிடும். அங்கே பலரும் முட்டிக்கொள்ளும் இடம், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் அவுட்புட்டில் அட்டவணைக்கு அடியில் வரும் ஒரு வரி: ‘ரொட்டேஷன் ஃபெயில்டு டு கன்வெர்ஜ் இன் 25 இட்டரேஷன்ஸ்’. அதாவது 25 சுற்றுக் கணக்கு போட்டும் சுழற்சி ஒரு நிலையான விடைக்கு வந்து சேரவில்லை. இதை நானே உட்கார்ந்து தீர்த்த வரிசையில் இங்கே எழுதுகிறேன். டேட்டாவை ஏற்றுவது, வேரியபிள் பெயர் வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு கேள்வித்தாள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளில் தங்கிப் போன விருந்தினர்களிடம் 24 கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் ஐந்து புள்ளி அளவுகோல். வீட்டின் அமைப்பு, சாப்பாடு, உபசரிப்பு, விலை என்று நான்கு காரணிகள் வரும் என்பது உங்கள் எதிர்பார்ப்பு.

படி 1: எந்த இடத்தில் நின்றது?

பலர் இதைப் பார்ப்பதே இல்லை. எஸ்பிஎஸ்எஸ் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதலில் காரணிகளைப் பிரித்தெடுக்கும்; அது எக்ஸ்ட்ராக்‌ஷன். எந்தக் கேள்வி எந்தக் காரணியோடு சேர்கிறது என்று தெளிவாகத் தெரிய, அப்புறம்தான் அவற்றைச் சுழற்றும்; அது ரொட்டேஷன். எக்ஸ்ட்ராக்‌ஷனிலேயே நின்றிருந்தால் செய்தி வேறு மாதிரி இருக்கும்: இத்தனை காரணிகளை எடுக்க முயன்றேன், 25 சுற்றுக்கு மேல் தேவைப்படுகிறது, நிறுத்திவிட்டேன் என்று சொல்லும். ‘ரொட்டேஷன்’ என்ற சொல் இருந்தால் மட்டுமே அது சுழற்சிப் பிரச்சினை.

படி 2: 25-ஐ எங்கே மாற்றுவது?

என் நேரத்தை அதிகம் தின்ற படி இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். அனலைஸ், டைமென்ஷன் ரிடக்‌ஷன், ஃபேக்டர் என்று போனால் வலப்பக்கம் பொத்தான்கள் இருக்கும். எக்ஸ்ட்ராக்‌ஷன் பொத்தானை அழுத்தினால் அடியில் ‘மேக்ஸிமம் இட்டரேஷன்ஸ் ஃபார் கன்வெர்ஜென்ஸ்’ என்று ஒரு பெட்டி, அதில் 25. ரொட்டேஷன் பொத்தானை அழுத்தினாலும் அதே வாசகத்தோடு ஒரு பெட்டி, அதிலும் 25. இரண்டும் தனித்தனி. முதல் பெட்டியில் 500 போட்டாலும் சுழற்சி 25-லேயேதான் நிற்கும்.

சந்தேகம் இருந்தால் ஓகே கொடுக்காமல் ‘பேஸ்ட்’ கொடுத்துப் பாருங்கள். சின்டாக்ஸில் (அதே வேலையைக் கட்டளை வரிகளாக எழுதியது) ‘கிரைட்டீரியா’ என்ற வரி இரண்டு முறை வரும். எக்ஸ்ட்ராக்‌ஷன் வரிக்கு முன்னால் இருப்பது பிரித்தெடுப்புக்கு; ரொட்டேஷன் வரிக்கு முன்னால் இருப்பது சுழற்சிக்கு. இரண்டாவதில் இருக்கும் 25-ஐ 100 ஆக்கி ஓட்டுங்கள். சின்டாக்ஸைச் சேமித்து வைப்பது நல்ல பழக்கம். வழிகாட்டி ஆறு மாதம் கழித்து “இதை எப்படிச் செய்தாய்?” என்று கேட்டால் காட்ட ஒரு சான்று கையில் இருக்கும்.

படி 3: 100-லும் நின்றால் எண்ணை மேலும் ஏற்றாதீர்கள்

காரணிகள் தெளிவாக இருக்கும் டேட்டாவில் வேரிமேக்ஸ் என்ற சுழற்சி முறை சில சுற்றுகளிலேயே முடிந்துவிடும். நூறு சுற்றிலும் முடியவில்லை என்றால் டேட்டா உங்களிடம் ஏதோ சொல்கிறது என்று அர்த்தம். ஆயிரம் போட்டு அதன் வாயை அடைத்து, வருகிற அட்டவணையை ஆய்வேட்டில் ஒட்டுவது சரியில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமே உண்டு.

முதல் சந்தேகம், காரணிகளின் எண்ணிக்கை. ஐகன் மதிப்பு (ஒரு காரணி எவ்வளவு மாறுபாட்டை விளக்குகிறது என்பதன் அளவு) 1-க்கு மேல் உள்ள காரணிகளை எடு என்ற விதிதான் எஸ்பிஎஸ்எஸ்ஸின் இயல்பு அமைப்பு. அது பெரும்பாலும் தேவைக்கு அதிகமாகவே காரணிகளை எடுத்துக் கொடுக்கும். 24 கேள்விக்கு ஏழு காரணி வந்து, கடைசி இரண்டில் ஆளுக்கொரு கேள்வி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால் சுழற்சிக்குப் பிடிமானமே இருக்காது. ஹார்ன் 1965-இல் கொடுத்த பேரலல் அனாலிசிஸ் (தற்செயல் எண்களில் வரும் ஐகன் மதிப்புகளோடு ஒப்பிட்டுக் காரணிகளை எண்ணும் முறை) இதற்கு எவ்வளவோ மேல். ஜமோவி, ஜாஸ்ப் என்ற மென்பொருள்கள் இரண்டிலும் அது ஒரே சொடுக்கில் இருக்கிறது, இரண்டும் இலவசம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எஸ்பிஎஸ்எஸ்ஸை விட ஜாஸ்பைத்தான் நான் சொல்வேன்.

இரண்டாவது சந்தேகம், ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டிருப்பது. ‘ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்னைக் கவர்ந்தது’ என்று ஒன்று, ‘தரையின் பூவேலைப்பாடு என்னைக் கவர்ந்தது’ என்று இன்னொன்று. வந்தவர்கள் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் வட்டமிட்டிருப்பார்கள். ஒட்டுறவு (கோரிலேஷன்) 0.9-ஐத் தொட்டால் அந்த ஜோடி தனியாக ஒரு காரணியாகப் பிரிந்துகொண்டு கணக்கையே குலைத்துவிடும். ஆர் என்ற புள்ளியியல் மொழியில் ‘ஃபேக்டனல்’ என்ற ஃபங்ஷனை ஓட்டும்போது யுனீக்னஸ் (காரணிகளால் விளக்க முடியாமல் மிஞ்சும் பங்கு) வரிசையில் ஏதாவது ஒரு கேள்விக்கு 0.005 என்று வந்தால் அதை அப்படியே விடாதீர்கள். அது உண்மையான மதிப்பு இல்லை. அந்த ஃபங்ஷன் அனுமதிக்கும் கீழ் எல்லையே 0.005-தான், அந்தக் கேள்வி அதில் போய் முட்டி நிற்கிறது. இதற்கு ஹேவுட் கேஸ் என்று பெயர். ஜோடியில் ஒன்றை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். எதை எடுப்பது என்பதைப் பொருள் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், மென்பொருள் சொல்லாது.

மூன்றாவது, மொத்த மதிப்பெண்ணை ஒரு வேரியபிளாகக் கூடவே சேர்த்துவிடுவது. அப்போது ‘நாட் பாசிட்டிவ் டெஃபினிட்’ என்று அடிக்குறிப்பு வரும், கேஎம்ஓ (டேட்டா ஃபேக்டர் அனாலிசிஸுக்குத் தகுமா என்று காட்டும் அளவு) அட்டவணையே வராது. மொத்தத்தை நீக்குங்கள். பதில் சொன்னவர்களின் எண்ணிக்கை கேள்விகளின் எண்ணிக்கையை விடக் குறைவாக இருந்தாலும் இதே கதைதான்.

படி 4: எந்தச் சுழற்சி?

கைசர் 1958-இல் தந்த வேரிமேக்ஸை எல்லோரும் பழக்கத்தில் போடுகிறார்கள். அது காரணிகளுக்குள் ஒட்டுறவே இல்லை என்று வைத்துக்கொள்ளும். வீட்டின் வளவையும் முகப்பையும் ரசித்தவருக்கு அங்கே பரிமாறிய கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் பிடிக்கவே செய்யும். மனப்பான்மைக் கேள்விகளில் ஒட்டுறவு இல்லாமல் இருக்காது. முதலில், காரணிகளுக்குள் ஒட்டுறவை அனுமதிக்கும் டைரக்ட் ஆப்லிமின் போடுங்கள். காரணிகளுக்கிடையிலான ஒட்டுறவு எல்லாம் 0.3-க்குக் கீழே வந்தால் அப்புறம் வேரிமேக்ஸுக்குப் போகலாம். அந்த ஒட்டுறவு எவ்வளவு வரலாம் என்று கட்டுப்படுத்தும் டெல்டாவை 0-விலேயே விட்டுவிடுங்கள். அதை 0.8 பக்கம் ஏற்றினால் காரணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சுழற்சி மறுபடி நிற்கும். ஆப்லிமினில் பேட்டர்ன், ஸ்ட்ரக்சர் என்று இரண்டு அட்டவணை வரும். எந்தக் கேள்வி எந்தக் காரணியைச் சேர்ந்தது என்று பார்க்க பேட்டர்ன் மேட்ரிக்ஸைப் படியுங்கள்.

பின்னர் சேர்த்தது: “எஸ்பிஎஸ்எஸ்ஸிலும் ஆரிலும் ஒரே டேட்டா, ஒரே ஆப்லிமின், ஆனால் லோடிங் வேறு” என்று சிலர் கேட்டிருந்தீர்கள் (லோடிங் என்பது ஒரு கேள்வி ஒரு காரணியோடு எவ்வளவு இணைந்திருக்கிறது என்பதைக் காட்டும் எண்). எந்த எர்ரர் செய்தியும் வராததால் இது இன்னும் தொல்லை. முதலில் எக்ஸ்ட்ராக்‌ஷன் முறை இரண்டிலும் ஒன்றா என்று பாருங்கள். எஸ்பிஎஸ்எஸ் தானாக எடுப்பது பிரின்சிபல் காம்போனன்ட்ஸ், ஃபேக்டனல் செய்வது மேக்ஸிமம் லைக்லிஹுட். அது ஒன்றாக இருந்தும் எண்கள் மாறினால் காரணம் பெரும்பாலும் கைசர் நார்மலைசேஷன் (சுழற்றும் முன் எல்லாக் கேள்விகளுக்கும் சம எடை கொடுப்பது). எஸ்பிஎஸ்எஸ் அதைத் தானாகவே செய்துவிடும். ஆரின் ஜிபிஏரொட்டேஷன் பேக்கேஜில் உள்ள ஆப்லிமின், ‘நார்மலைஸ்’ என்பதை நீங்கள் ட்ரூ ஆக்கினால்தான் செய்யும். எஸ்பிஎஸ்எஸ் சின்டாக்ஸில் இரண்டாவது கிரைட்டீரியா வரியில் ‘நோகைசர்’ என்று சேர்த்தும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஜிபிஏரொட்டேஷன் பேக்கேஜே கணினியில் இல்லாவிட்டால் ஆரின் ‘சைக்’ பேக்கேஜிலும் ஆப்லிமின் ஓடாது, அதையும் நிறுவிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஒரு காரணியின் எல்லா லோடிங்கும் ஒரு மென்பொருளில் மைனஸாகவும் மற்றதில் பிளஸாகவும் வந்தால் அது பிழை இல்லை. காரணியின் திசையை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அந்த நெடுவரிசை முழுவதும் குறியை மாற்றுங்கள், அந்தக் காரணிக்கும் மற்றவற்றுக்கும் உள்ள ஒட்டுறவின் குறியையும் மறக்காமல் மாற்றிவிடுங்கள்.