பின் ஆக்சில் இரைகிறதா? முதலில் எண்ணெயைப் பாருங்கள்

காரின் பின்பக்கத்திலிருந்து இரைச்சல் வருகிறது என்று யாராவது சொன்னால், வண்டி நிற்கும் இடத்தில் தரையில் கறை விழுகிறதா என்றுதான் முதலில் கேட்பேன். டிஃபரன்ஷியல் என்பது பின் ஆக்சிலின் நடுவில் எஞ்சினின் விசையை வாங்கி இரு சக்கரங்களுக்கும் பகிரும் கியர்த் தொகுதி. அதற்குள் இருக்கும் கியர் ஆயில் பெரும்பாலான கார்களில் ஒன்றிலிருந்து மூன்று லிட்டருக்குள்தான். அது குறைந்தால் காட்டிக்கொடுக்க டாஷ்போர்டில் விளக்கு எதுவும் கிடையாது. சொட்டுச் சொட்டாக ஒழுகி, பல்லும் பேரிங்கும் காய்ந்து தேய்ந்த பிறகுதான் சத்தம் காதுக்கு எட்டுகிறது. ஆகவே சோதனையையும் எண்ணெயில் தொடங்கிப் பிறகு சத்தத்துக்குப் போவோம்.

இந்த விளக்கம் பின்சக்கர இயக்கம் அல்லது நான்கு சக்கர இயக்கம் உள்ள, பின்னால் ஒரே நீளக் கூடாக ஆக்சில் அமைந்த வண்டிகளுக்கானது. முன்சக்கர இயக்கக் காரில் பின்னால் டிஃபரன்ஷியலே இருக்காது. அங்கே இரைந்தால் டயரையோ சக்கர பேரிங்கையோ பாருங்கள். ஒழுகினால் பிரேக் ஆயிலையோ ஷாக் அப்சார்பரையோ சந்தேகியுங்கள்.

வண்டியைத் தூக்கும் முன்

சமதளமான, கெட்டியான தரை வேண்டும். பெரும்பாலான கார்களில் கைபிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. அவற்றைத் தூக்கிவிட்டால் அந்தப் பிடி போய்விடும். அதனால் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கிய வண்டி ஆக்சில் ஸ்டாண்டில் (எடையைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்) உட்கார்ந்த பிறகே கீழே கையோ தலையோ போகலாம். இதில் எந்த அவசரத்துக்கும் விலக்கு இல்லை. தூக்கிய நிலையில் எஞ்சினை ஓட்டி, கியர் போட்டுச் சக்கரத்தைச் சுழலவிட்டுச் சோதிப்பதைப் புதியவர்கள் செய்யவே வேண்டாம்.

படி 1: என்ன எண்ணெய்?

இரவில் வண்டிக்கு அடியில் பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் கறை எந்த இடத்துக்கு நேர் கீழே விழுந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, கையுறை அணிந்த விரலால் தொட்டுப் பாருங்கள். கியர் ஆயில் தேனைப் போலக் கெட்டியாக இருக்கும். மூக்கைச் சுளிக்கவைக்கும் கந்தக நெடி வீசும். டிஃபரன்ஷியலில் உள்ள பெரிய வளையக் கியரான கிரவுன் வீலும், அதைச் சுழற்றும் சிறிய கியரான பினியனும் கடும் அழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிச் சுழல்வதால், பற்களைக் காக்கக் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்க்கைகளை அதில் போடுகிறார்கள். அந்த நெடியை ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது. பிரேக் ஆயிலோ நீர்த்துப்போய், வழவழவென்று, ஏறக்குறைய நிறமற்றோ இளமஞ்சளாகவோ இருக்கும். பெயின்ட் மீது பட்டால் அரித்துவிடும். ஒழுகுவது பிரேக் ஆயில்தான் என்று தெரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

படி 2: எங்கிருந்து?

ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளிவிடுவதால், ஈரமாகத் தெரியும் இடம் ஒழுகும் இடமாக இருக்க வேண்டியதில்லை. கூட்டை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுச் சிறிது தூரம் ஓட்டி வாருங்கள். பிறகு பார்க்கும்போது, ஈரத்திலேயே மேலேயும் முன்னேயும் உள்ள புள்ளியைத் தேடுங்கள். துடைத்த இடத்தில் முகப்பவுடர் தூவியிருந்தால் எண்ணெய் ஓடிய தடம் கோடாகத் தெரியும்.

முன்னிருந்து விசையைக் கொண்டுவரும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் முன்முனை ஈரமாக இருந்தால் பினியன் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம்). பின்மூடியின் விளிம்பு என்றால் கேஸ்கெட் (மூடிக்கும் கூட்டுக்கும் நடுவே வைக்கும் மெல்லிய தகடு). சக்கரத்தின் உட்பக்கமாகவோ பிரேக் டிரம்மின் அடியிலோ வழிந்தால் ஆக்சில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) சீல் அல்லது பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர். டிரம்மைக் கழற்றினால் இரண்டில் எது என்று புரிந்துவிடும். மேலே சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கும்போது நீர்த்த திரவம் வந்தால் சிலிண்டர். நடுவில் ஷாஃப்ட் வெளிவரும் துளையிலிருந்து கெட்டியான எண்ணெய் வழிந்திருந்தால் சீல். எதுவானாலும், எண்ணெய் ஊறிய பிரேக் ஷூவைத் துடைத்து மீண்டும் மாட்டக் கூடாது. இரண்டு பக்கமும் சேர்த்துப் புதிதாகப் போடுங்கள். இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

சீலைக் குறைசொல்லும் முன் பிரீதரைப் பாருங்கள். ஆக்சில் கூட்டின் மேலே இருக்கும் சிறிய காற்றுத் துளை அது. சில வண்டிகளில் ரப்பர் குழாயாக மேலே ஏறியிருக்கும். ஓடும்போது சூடாகும் காற்று அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சேறு அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலின் உதட்டையும் தாண்டி எண்ணெயைத் தள்ளும். அதே நிலையில் சூடான ஆக்சில் வெள்ளத்தில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று சட்டெனக் குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாகப் போட்ட சீல் சீக்கிரமே மீண்டும் ஒழுகுகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

படி 3: அளவும் நிலையும்

நிரப்பும் பிளக்கை முதலில் திறவுங்கள். வடிக்கும் பிளக்கை முதலில் திறந்து எண்ணெயைக் கொட்டிவிட்டு, மேலுள்ள பிளக் துருப்பிடித்துத் திறக்க மறுத்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். சமதளத்தில் நிற்கும் வண்டியில் எண்ணெய் அந்தத் துளையின் கீழ் விளிம்புவரை இருப்பது பொதுவான அளவு; உங்கள் வண்டியின் கையேடு வேறாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். அளவு மிஞ்சினாலும் ஒழுகும்.

விரலில் வரும் எண்ணெயை வெளிச்சத்தில் பாருங்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிளக்கின் காந்தத்தில் மாவாக ஒட்டியிருக்கும் சாம்பல்நிறப் பசை இயல்பான தேய்மானம். அதை இரு விரலுக்கிடையே தேய்க்கும்போது நெருடினாலோ, செதில்களாக மின்னினாலோ, பல் அல்லது பேரிங் உடையத் தொடங்கிவிட்டது.

படி 4: ஓட்டிக் கேளுங்கள்

எண்ணெய் சரியான அளவில் இருந்தால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம் உண்டு. வாகனங்கள் இல்லாத நேரான சாலையில், பக்கத்தில் ஒருவரைக் கேட்கவைத்து ஓட்டுங்கள்.

சாலையின் பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் அடங்கினால், அல்லது அதற்கு நேர்மாறானால், கிரவுன் வீலும் பினியனும். மிதிக்கும்போது பல்லின் ஒரு முகமும், விடும்போது மறுமுகமும் அழுந்துவதால்தான் இந்த வேறுபாடு. மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமி, மெதுவாக இடப்பக்கம் வளைக்கும்போது கூடினால் வலது சக்கர பேரிங்கைச் சந்தேகியுங்கள். எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போவதே காரணம். வளைவில் மட்டும் கடகடத்தால் டிஃபரன்ஷியலின் உள்கியர்கள். புறப்படும்போதோ ரிவர்ஸ் போடும்போதோ ‘டங்’ என்று ஒரே ஒரு அடி கேட்டால் யுனிவர்சல் ஜாயின்டிலோ (புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனையில் உள்ள மடங்கும் இணைப்பு) பற்களிலோ இடைவெளி கூடியிருக்கிறது.

சீராகத் தட்டும் சத்தத்துக்கு ஒரு கணக்கு உண்டு. டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, நடைவேகத்தில் ஒருவர் ஓட்ட, பாதுகாப்பான தூரத்தில் நின்று கேளுங்கள். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை தட்டினால் கோளாறு சக்கரத்திலோ கிரவுன் வீலிலோ. ஒரு சுற்றுக்கு மூன்று நான்கு முறை என்றால் பினியன் அல்லது புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஏனெனில் அவை சக்கரத்தைவிட அத்தனை மடங்கு வேகமாகச் சுழல்கின்றன.

படி 5: கையால் உறுதிசெய்யுங்கள்

பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை விடுவியுங்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங். ஒரு கையால் சுழற்றியபடி மறுகையை அந்தப் பக்கத்து ஸ்பிரிங் மீது வைத்தால், காதுக்கு எட்டாத கரகரப்பும் உள்ளங்கைக்குத் தெரியும். அடுத்துப் பினியன் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். சுழலும் திசையில் சிறு இடைவெளி இருக்கலாம். மேல்கீழ் ஆட்டம் துளியும் கூடாது.

பிரீதரைச் சுத்தம் செய்வது, எண்ணெய் மாற்றுவது, பின்மூடி கேஸ்கெட் போடுவது ஆகியவற்றைப் பொறுமையுள்ள புதியவர் செய்யலாம். பினியன் சீல் எளிய வேலையாகத் தெரிந்தாலும் மெக்கானிக்கிடம் விடுங்கள். அங்குள்ள நட்டின் இறுக்கம்தான் பினியன் பேரிங்குகளின் அழுத்தத்தை நிர்ணயிக்கிறது. பல வண்டிகளில் அவற்றுக்கிடையே நசுங்கும் ஸ்பேசர் ஒன்று இருக்கும். நட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் அது ஒரேயடியாக நசுங்கிவிடும். பிறகு நட்டைத் தளர்த்தினாலும் பழைய அளவு திரும்பாது, ஸ்பேசரையே மாற்ற வேண்டும். வண்டியை விடும்போது எந்த வேகத்தில், மிதிக்கும்போதா விடும்போதா, எந்தப் பக்கம் திரும்பும்போது சத்தம் வருகிறது என்பதை ஒரு தாளில் எழுதி, கறை விழுந்த அட்டையையும் சேர்த்துக் கொடுங்கள்.